‘உங்கட ஊர் எது?’: கொழும்பின் சீன மேசைகளில் ஒரு சிறு குழுப் பயணம்

2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மாவும் நானும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தோம். அதற்கு முந்திய வருடம் ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டிருந்தது. கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறிக் கொழும்பு வந்து சேர்ந்தவர்களில் நாங்களும் இருந்தோம். லொட்ஜ் அறையில் சமைக்கக்கூடாது. காலையில் பாண், மத்தியானம் சோற்றுப் பார்சல், இரவில் காலி வீதிப் பக்கம் ஒரு கடையில் வாங்கும் ‘மிக்ஸ் பிரைட் ரைஸ்’. ஒரு பார்சலை இரண்டாகப் பிரித்துச் சாப்பிடுவோம். சின்னப் பொலித்தீன் பையில் கட்டித் தரும் சில்லி பேஸ்ட் அடுத்த நாள் பாணுக்கும் உதவும். எனக்குத் தெரிந்த முதலாவது சீனச் சாப்பாடு அதுதான். சீனாவில் எல்லோரும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

அந்த நாட்களில் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ‘ஊர் எது?’ என்பது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தபடி கேட்பார்கள். லொட்ஜ் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கேட்பார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை இடைநிறுத்தியது. நாங்கள் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் பாமன்கடையில் உறவினர் ஒருவரின் அனெக்ஸுக்கு மாறியிருந்தோம். எங்கள் பழைய அறைக்குப் பக்கத்து அறையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அம்மா பல நாட்கள் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் நான் பாமன்கடையில்தான் இருக்கிறேன். அண்மையில் நாங்கள் ஆறு நண்பர்கள் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். சீனாவின் வெவ்வேறு பிராந்தியங்களின் சாப்பாட்டைக் கொழும்பிலேயே, ஒரே மேசையில் ஒன்றாக இருந்து, நான்கு சனிக்கிழமைகளில் தேடிச் சாப்பிட்டோம். எங்களில் ஒருவர் ஹட்டன், ஒருவர் பூநகரி, ஒருவர் காத்தான்குடி, ஒருவர் பருத்தித்துறை. இன்னொருவர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். இப்படி ஒரு பயணத்தை யாரும் செய்யலாம். அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அந்த மேசைக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொல்வதே இக்கட்டுரை.

சிறு குழு ஏன்?

சீனாவுக்குச் சாப்பிடுவதற்கென்றே போகும் சிறு குழுச் சுற்றுலாக்கள் இப்போது ஒரு தனித் துறை. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை பெய்ஜிங், சியான், செங்டு, ஷங்ஹாய், ஹாங்சோ, குவாங்சோ என்று நகரம் நகரமாக அழைத்துச் செல்வார்கள். காலையில் சந்தை, மத்தியானம் ஒரு தெருக்கடை, இரவில் பெயர்பெற்ற சமையற்காரர் ஒருவரின் விருந்து என்று நாள் போகும். 1990களின் நடுப்பகுதியில் செங்டு நகரிலுள்ள சமையற் கல்விநிலையத்தில் பயின்ற பிரித்தானிய எழுத்தாளர் ஃபுக்ஷியா டன்லொப் போன்றவர்கள் இத்தகைய குழுக்களை வழிநடத்தியிருக்கிறார்கள். யுனெஸ்கோவும் ‘உணவுக்கலை நகரம்’ என்ற பட்டத்தை செங்டுவுக்கு 2010இலும், ஷுன்டவுக்கு 2014இலும், யாங்சோவுக்கு 2019இலும் வழங்கியது. இவை ஐரோப்பிய, அமெரிக்க வருமானத்துக்கு ஏற்ற பயணங்கள். எங்களில் பலருக்கு அது கைக்கெட்டாத செலவு.

ஆனால் ‘சிறு குழு’ என்ற அம்சத்தை நாம் இரவல் எடுக்கலாம். சீன விருந்து தனியாளுக்கானது அல்ல. வட்ட மேசை, நடுவில் சுழலும் தட்டு, எல்லோருக்கும் பொதுவான பாத்திரங்கள். இரண்டு பேர் போனால் இரண்டு கறிகளோடு வயிறு நிறைந்துவிடும், எதையும் ஒப்பிட முடியாது. இருபது பேர் போனால் இரண்டு மேசையாகப் பிரிய வேண்டும். ஆறு முதல் பத்துப் பேர்தான் சரியான அளவு. தலைக்கு ஒரு கறி, அதோடு ஒரு சூப், ஒரு மரக்கறி என்று சொன்னால் மேசையில் ஒரு பிராந்தியம் முழுவதும் வந்து நிற்கும். செலவையும் சமமாகப் பிரிக்கலாம்.

ஒன்றல்ல, எட்டு

சீனர்கள் தங்கள் சமையலை வழக்கமாக எட்டுப் பெரும் மரபுகளாகப் பிரிப்பார்கள். ஷான்டொங், சிச்சுவான், குவாங்டொங், ஜியாங்சு, ஃபுஜியன், ஜெஜியாங், ஹுனான், அன்ஹுய் என்பன அவை. இதற்கு வெளியேயும் பல உண்டு. வடமேற்கில் சீன முஸ்லிம்களின் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிச் சமையல் தனி உலகம். லன்சோ நகரின் பெயரால் அறியப்படும் கையால் இழுத்துச் செய்யும் நூடில்ஸ் அங்கிருந்து வந்தது.

மேலோட்டமாக ஒரு கோடு போட்டால், வடக்கில் கோதுமை, தெற்கில் அரிசி. வடக்கில் வெண்காயத்தாள், வினாகிரி, நீண்டநேரம் கொதித்த சூப். கிழக்குக் கரையில் சிறிது இனிப்பு, சோயா சோஸில் மெல்ல வெந்த இறைச்சி, நுணுக்கமான கத்திவேலை. தெற்கில் மீனையும் இறாலையும் அதிகம் தொந்தரவு செய்யாமல் ஆவியில் அவிப்பது. மேற்கில் மிளகாய்.

இவ்வளவு வேறுபாடு ஒரு நாட்டுக்குள் இருப்பது எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கத் தேவையில்லை. கொழும்பு ஹொட்டல்களில் ‘யாழ்ப்பாணச் சாப்பாட்டு வாரம்’ என்று பெயர்ப் பலகை வைப்பார்கள். ஒரு நண்டுக் குழம்பும் கத்தரிக்காய் பொரித்த குழம்பும் இருக்கும். தீவகத்தின் கூழுக்கும் வடமராட்சிக் கூழுக்கும் வித்தியாசம் உண்டு என்பதும், மட்டக்களப்புச் சமையல் வேறு, மலையகத்து லயன் வீட்டுச் சமையல் வேறு என்பதும் அந்தப் பலகைக்குள் அடங்காது. ‘சீனச் சாப்பாடு’ என்ற பலகையும் அதே மாதிரியானது.

முதல் மேசை: கொழும்பின் சீனம்

பயணத்தைப் பம்பலப்பிட்டியில் தொடங்கினோம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் மிலாகிரிய அவனியுவில் உள்ள சைனீஸ் டிராகன் கஃபே 1942 முதல் இயங்கி வருவது. எங்களுடைய பெற்றோர் தலைமுறையில் கொழும்பில் ‘சைனீஸ்’ சாப்பிடப் போவது என்றால் பலருக்கு நினைவில் வரும் பெயர்களில் இதுவும் ஒன்று.

இத்தகைய பழைய உணவகங்களின் பட்டியலைச் சீனாவின் எந்த மாகாணத்திலும் காண முடியாது. ஹொட் பட்டர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். கணவாயை மாவில் புரட்டி மொறுமொறுப்பாகப் பொரித்து, பட்டர், செத்தல் மிளகாய், வெண்காயத்தாளோடு பிரட்டுவது. இது இலங்கையில் பிறந்த கறி. ‘டெவல்’ கறிகளும் அப்படித்தான். நாசி கொறெங் இந்தோனேசியாவிலிருந்து வந்து அதே பட்டியலில் இடம்பிடித்தது. நாங்கள் தேநீர்க் கடையில் வாங்கும் ரோல்ஸை இந்த நாட்டில் ‘சைனீஸ் ரோல்ஸ்’ என்றே அழைப்பார்கள். மெல்லிய அப்பத்துக்குள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் புரட்டிப் பொரிப்பது சீனர் அறியாத முறை. அவர்களது ஸ்பிரிங் ரோலுக்குப் பாண்தூள் கிடையாது. அதே ரோல்ஸ் இப்போது ஸ்காபரோவிலும் லண்டனிலும் தமிழ்க் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்களுடைய சாப்பாடாக இருக்கிறது.

பிரைட் ரைஸுக்கு ஓர் ஊர் சொல்ல வேண்டுமானால் ஜியாங்சு மாகாணத்து யாங்சோவைச் சொல்லலாம். அந்த நகரின் பெயரைத் தாங்கிய முட்டைச் சோறு உலகெங்கும் பரவியது. முதல் நாள் சோறு, முட்டை, இறால், பன்றி இறைச்சித் துண்டு, பச்சைப் பட்டாணி. சோறு வெள்ளையாகவே இருக்கும். எங்கள் லொட்ஜ் பார்சலுக்கும் அதற்கும் உறவு உண்டு, ஆனால் நெருங்கிய உறவு இல்லை.

சொல்லிலும் உறவு இருக்கிறது. தேநீருக்குப் போடும் சீனி, கோயில் திருவிழாவில் கொளுத்தும் சீனவெடி என்று சீனாவின் பெயர் எங்கள் வாயில் எப்போதும் இருக்கிறது. நாங்கள் தாச்சி என்று சொல்லும் பாத்திரத்தைத் தமிழகத்தில் சீனச்சட்டி என்பார்கள்.

கடதாசி இல்லாதவர்கள்

இந்தச் சாப்பாட்டை இங்கே கொண்டுவந்தவர்கள் யார்? கொழும்புத் தேசிய நூதனசாலைக்குப் போனால் மிகப் பழைய தடயம் ஒன்றைக் காணலாம். 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டுத் திகதியிடப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாரைப் போற்றி, அவருக்குக் காணிக்கையாகத் தந்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலியவற்றைப் பட்டியலிடுகிறது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் இந்தத் தீவுக்கு வந்த சீனப் பேரரசு, பேச வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழையும் தெரிந்திருந்தது. காணிக்கையோடு படையும் வந்தது. 1411இல் அதே தளபதி இங்குள்ள ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டு போனார்.

இன்றைய இலங்கைச் சீனர்களின் முன்னோர் வந்தது மிகவும் பிந்தி, பிரித்தானியர் காலத்தில். ஷான்டொங் மாகாணத்தவர்கள் துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்றார்கள். ஹுபெய் மாகாணத்தவர்கள் பல் கட்டுபவர்களாகப் பல நகரங்களில் கடை வைத்தார்கள். பல்வரிசைப் படம் வரைந்த பலகை தொங்கும் அந்தக் கடைகளை வயதானவர்கள் இப்போதும் நினைவுகூர்வார்கள். உணவகம் அவர்களுக்குப் பிழைப்பதற்கான இன்னொரு வழி. சமைக்கக் கற்று வந்தவர்கள் சிலர். வந்த இடத்தில் சமையற்காரரானவர்கள் பலர். அதனால்தான் வாங்குபவர் நாக்குக்கு ஏற்பக் கறி மாறியது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியதை நாம் எல்லோரும் அறிவோம். அதே சட்டம் இந்தச் சிறிய சீனச் சமூகத்தையும் வெளியே நிறுத்தியது. இங்கே பிறந்து, இங்கே படித்து, சிங்களமும் தமிழும் பேசியவர்கள் ஆண்டுக்கணக்கில் அந்நியர்களாகவே பதிவு செய்யப்பட்டார்கள். மலையகத் தமிழர்களில் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழிவிட்டது. சீன வம்சாவளியினருக்கு அந்தக் கதவு 2008ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் திறந்தது.

இடையில் இன்னொரு கணக்கும் உண்டு. 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் இறப்பர் – அரிசி ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன. ஐந்து வருடங்களுக்கு, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு ஈடாக 270,000 தொன் அரிசி. அந்த இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் வாக்குரிமை பறிக்கப்பட்ட தமிழர்களும் அடக்கம். ஹட்டன் நண்பர் இதைக் கேட்டுவிட்டு, தன் அம்மம்மா பிஸ்கட் ரின்னுக்குள் பிரஜாவுரிமைக் கடதாசியை வைத்திருந்த கதையைச் சொன்னார். வீட்டில் தீப்பிடித்தால் முதலில் எடுக்க வேண்டியது அந்த ரின் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தாராம்.

இரண்டாம் மேசை: குவாங்டொங்

நட்சத்திர ஹொட்டல்களின் சீன உணவகங்கள் பெரும்பாலும் குவாங்டொங் சமையலை அடித்தளமாகக் கொண்டவை. ஹொங்கொங்கின் சமையலும் இதுதான். இங்கே சோதிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது ‘டிம் சம்’. மூங்கில் கூடைகளில் ஆவியில் அவித்த சிறு பலகாரங்கள், தேநீரோடு சாப்பிடுவது. ‘ஹார் காவ்’ என்பது இறால் வைத்த கொழுக்கட்டை. மேல்மா கண்ணாடி போல இருக்கும், உள்ளே இறால் தெரியும். எங்கள் கொழுக்கட்டையை விளிம்பில் மடித்து மடித்து மூடும் அதே விரல்வேலை. இரண்டாவது, முழு மீனை இஞ்சி, வெண்காயத்தாள் போட்டு அவித்து, மேலே சூடான எண்ணெயும் சோயா சோஸும் ஊற்றுவது. மீன் நல்லதா பழசா என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும். மறைக்க மசாலா இல்லை.

காலிமுகத்திடலுக்கு எதிரே ஷங்ரிலா ஹொட்டலில் ‘ஷாங் பலஸ்’ என்ற சீன உணவகம் இருக்கிறது. ஹொட்டல் நிற்கும் நிலம் யுத்தகாலத்தில் இராணுவத் தலைமையகம் இருந்த நிலம். ஹொட்டல் 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடங்களில் அதுவும் ஒன்று. அதே காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் வெடித்தது. கொட்டாஞ்சேனை நண்பருக்கு அந்த ஆலயம் வீட்டுப் படலை மாதிரி. அவ்வழியால் போகும்போது அவர் கதைப்பதை நிறுத்திவிட்டார். நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் மேசை: சிச்சுவான்

உறைப்பு எங்களுக்குப் புதிதல்ல என்று நம்பித்தான் சிச்சுவான் மேசைக்குப் போவோம். அங்கே இருக்கும் உறைப்பு வேறு. சிச்சுவான் மிளகு என்பது உண்மையில் மிளகு இல்லை. தோடை, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் காய்த்தோல். கடித்தால் உதடும் நாக்கும் விறைத்து ஒருவித நடுக்கம் எடுக்கும். அந்த விறைப்புக்கு ‘மா’ என்றும் மிளகாய் உறைப்புக்கு ‘லா’ என்றும் பெயர். இரண்டும் சேர்ந்ததே ‘மாலா’.

மிளகாய் சீனாவுக்கும் அந்நியம்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்களுக்குப் போர்த்துக்கேயர் வழியாக வந்தது. இன்று அது இல்லாமல் சிச்சுவானும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை.

இங்கே கேட்க வேண்டிய கறி மாப்போ டோபு. மென்மையான டோபுவை அரைத்த இறைச்சியோடும் ‘டோபன்ஜியாங்’ என்ற விழுதோடும் சமைப்பது. அவரை வகை ஒன்றையும் மிளகாயையும் உப்பிட்டு மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில், புளிக்க வைத்த விழுது அது. செங்டுவுக்கு அருகிலுள்ள பிஷியன் அதற்குப் பெயர்போன இடம். 19ஆம் நூற்றாண்டில் செங்டுவில் சாப்பாட்டுக்கடை நடத்திய, முகத்தில் அம்மைத் தழும்பு உள்ள பெண்ணொருவரின் பெயரால் இந்தக் கறி வழங்குகிறது. கொங் பாவ் கோழி, சிச்சுவானின் ஆளுநராக இருந்த டிங் பாவோசெனின் பட்டப்பெயரைத் தாங்கியது.

துறைமுக நகரத் திட்டம் 2014இல் தொடங்கிய பின்னர், இங்கே வேலைக்கு வந்த சீனர்களுக்காகவே கொழும்பில் சிறு கடைகள் முளைத்தன. சிலவற்றில் பட்டியல் சீன எழுத்தில் மட்டும் இருக்கும். அப்படி ஒரு கடையில் நாங்கள் தொலைபேசி மொழிபெயர்ப்பின் உதவியோடு சமையற்காரரிடம் ‘உங்கட ஊர் எது?’ என்று கேட்டோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தொலைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கி, சிச்சுவானுக்குள் ஒரு சிறு நகரத்தைக் காட்டினார். பிறகு எங்கள் பட்டியலில் இருந்த இரண்டு கறிகளை வெட்டிவிட்டு, தான் நினைத்த இரண்டைச் சமைத்துக் கொண்டுவந்தார். நான்கு சனிக்கிழமைகளிலும் சாப்பிட்டவற்றில் மிகச் சிறந்தவை அந்த இரண்டும்தான்.

நான்காம் மேசை: ஷான்டொங்கும் எங்கள் கடலும்

எட்டு மரபுகளில் ஷான்டொங் மிகப் பழையதாகக் கருதப்படுவது. கொன்பியூசியஸ் பிறந்த மண். பெய்ஜிங் அரண்மனைச் சமையலுக்கு அடித்தளமிட்டதும் இதுவே. இந்த மரபின் பெருமைக்குரிய கறிகளில் ஒன்று, வெண்காயத்தாளோடு சமைத்த கடலட்டை.

ஷான்டொங் சமையற்காரர்கள் தேடுவது குளிர்கடலில் வாழும் முள் அட்டையை. வெப்பக் கடலின் அட்டைகளுக்கு, குறிப்பாக எங்கள் வெள்ளை அட்டைக்கு, ஹொங்கொங், சிங்கப்பூர், தாய்வான், தென்சீனச் சந்தைகளில் பெறுமதி அதிகம். பிடித்த அட்டையைக் குடல் நீக்கி, அவித்து, வெளித்தோலின் சுண்ணாம்புப் படை போகத் தேய்த்து, மீண்டும் அவித்து, கல்லுப்போல் உலர்த்துவார்கள். விருந்துக்கு முன் நாட்கணக்கில் நீரில் ஊறவைத்தால் அது மீண்டும் பருக்கும். தனக்கென்று சுவை இல்லை. சாற்றை உறிஞ்சிக்கொள்ளும் வழுவழுப்பான பதத்துக்கும், அரிதான பொருள் என்ற மதிப்புக்குமே விலை.

இந்தியாவில் 2001 முதல் கடலட்டை பிடிப்பது தடை. இலங்கையில் அனுமதிப்பத்திரத்தோடு பிடிக்கலாம், வளர்க்கலாம். அரியாலையில் சீன – இலங்கைக் கூட்டு முயற்சியாகக் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்று இயங்கியது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்க் கரைகளில் ஆழமற்ற கடலை வலையால் அடைத்துப் பண்ணைகள் பெருகின. 2021இல் கௌதாரிமுனையில் அமைந்த பண்ணையும், 2022இல் பூநகரி கிராஞ்சி இலவன்குடாவில் கடற்றொழிலாளர்கள் நடத்திய தொடர் போராட்டமும் செய்திகளில் வந்தன. அவர்களது முறைப்பாடு எளிமையானது. மீன் குஞ்சு வளரும் கடற்புல் நிலங்கள் அடைக்கப்படுகின்றன, சிறகுவலை போடும் இடமும் சிறு வள்ளம் போகும் பாதையும் பறிபோகின்றன, அனுமதி கொடுக்கும்போது தங்களைக் கேட்கவில்லை. மறுபக்கத்தில், பண்ணையால் கடனை அடைத்த உள்ளூர்க் குடும்பங்களும் இருக்கின்றன. இதைச் சீனாவுக்கும் எங்களுக்குமான பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது. ஒரே கிராமத்துக்குள் பண்ணை கிடைத்தவர், கிடைக்காதவர் என்ற பிளவும் அதில் உண்டு.

கடலட்டைக் கறி மேசைக்கு வந்தபோது பூநகரி நண்பர்தான் முதலில் எடுத்தார். சின்ன வயதில் கரைவழியே நடக்கும்போது காலில் மிதிபட்ட சாமான் இது, வீட்டில் ஒருவரும் சமைத்ததில்லை என்றார். சப்பிப் பார்த்துவிட்டு, கணவாய் இதைவிட நல்லது என்றார். பட்டியலில் அதன் விலையைப் பார்த்தவர், கரையில் ஒரு உருப்படிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். இரண்டு எண்களையும் கடதாசித் துவாயில் எழுதி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

போக விரும்புவோருக்கு

ஒரு மேசைக்கு ஒரு பிராந்தியம் மட்டும் என்று முடிவு செய்யுங்கள். கலந்தால் எதுவும் நினைவில் நிற்காது. பட்டியலைப் பார்ப்பதற்கு முன் சமையற்காரர் எந்த மாகாணம் என்று கேளுங்கள். அவருடைய ஊர்க் கறியைத் தரச் சொல்லுங்கள்.

பிரைட் ரைஸை முதலில் கேட்காதீர்கள். சீன விருந்தில் குளிர் கறிகள், சூடான கறிகள் என்று வந்து, சோறோ நூடில்ஸோ கடைசியில்தான் வரும்.

வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரர்கள் கவனிக்க வேண்டியது, மரக்கறி என்று எழுதியிருந்தாலும் அதில் ஒய்ஸ்டர் சோஸ், கோழிச் சாறு, பன்றிக் கொழுப்பு சேரக்கூடும். தெளிவாகக் கேட்டால் செய்து தருவார்கள். சீனப் பௌத்த மடங்களின் மரக்கறிச் சமையலில் உள்ளி, வெண்காயமும் கிடையாது. முஸ்லிம் நண்பர்களோடு போனால் பன்றி இறைச்சியை மட்டும் விசாரித்தால் போதாது. ஷாவோஷிங் என்ற அரிசி மதுவைப் பல கறிகளில் சேர்ப்பார்கள். காத்தான்குடி நண்பருக்காக நாங்கள் ஒவ்வொரு இடத்திலும் முதலே தொலைபேசியில் விசாரித்துவிட்டே போனோம். கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் கொங் பாவ் கறியைத் தவிர்க்க வேண்டும்.

உண்ணும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில் ஊதுபத்தி குத்துவதை அது நினைவூட்டும். ஒருவர் தேநீர் ஊற்றும்போது மேசையில் இரண்டு விரலால் மெல்லத் தட்டுவது தென்சீனர் நன்றி சொல்லும் முறை. முழு மீனின் ஒரு பக்கத்தைச் சாப்பிட்டு முடித்ததும் புரட்டிப் போடாதீர்கள், முள்ளை அகற்றிவிட்டு அடிப்பக்கத்தை எடுங்கள். மீனைப் புரட்டினால் வள்ளம் கவிழும் என்பது சீனக் கரையோரத்து நம்பிக்கை. பருத்தித்துறை நண்பருக்கு இந்த ஒன்றை மட்டும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை இரவு பாமன்கடைச் சந்தியில் இறங்கியபோது பத்து மணி தாண்டிவிட்டது. அம்மா விழித்திருந்தார். சுற்றிக் கொண்டுவந்த மாப்போ டோபுவைச் சூடாக்கிக் கொடுத்தேன். ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, நாக்கு விறைக்கிறது, இது எந்த ஊர்ச் சாப்பாடு என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் லொட்ஜில் நாங்கள் சாப்பிட்டது எந்த ஊர்ச் சாப்பாடு என்று கேட்டார். கொழும்பு என்றேன்.